மூன்று மீட்டர்

மூன்று மீட்டர் என்பது
டேப்பில் ஒரு நீளம்.
குலசேகரம் சந்தையில் அது
நான் முதுகு காட்டும்வரை இருக்கும் நீளம்.
ஐப்பசி மழைக்கு
ஒரே குடைக்குள் நெருங்கும் ஆட்களைப் போல
தகரக் கடைகள் தோள் உரசத் தொடங்கும்.
மறுநாள் மறுபடி அளப்பேன்.
"நேத்து அளக்கும்போ
டேப்பு நனஞ்சுல்லா கெடந்து சாரே."

ஞானசிகாமணியின் கடையில் மட்டும் குறை இல்லை.
மணல் வாளி நான்கு, சிவப்புச் சாயம் இன்னும் காயாமல்.
விளிம்புவரை தண்ணீர் நிற்கும் டிரம்.
எதிர்க்கடையைப் பார்க்காத வாசல்.
ஒட்டுப் போட்ட ஒயர் இல்லை.
உரிமத்தில் எழுதிய எடைக்கு மேல்
ஒரு பொட்டு வெடிகூட இல்லை.
இருபத்திரண்டு வருஷத்தில்
இத்தனை ஒழுங்கான பட்டாசுக் கடையை
நான் பார்த்ததில்லை.
பயமாக இருந்தது.

"தீபாவளிக்கு இது போதுமா?"
"போதும் சாரே."
"கிறிஸ்மஸுக்கு?"
"அப்பம் பாத்துக்கிடலாம்."

சரவெடிப் பெட்டி ஒன்றை எடுத்து
அட்டையை மோந்தேன்.
மருந்து வாடைக்கு முன்னால் வந்தது
ரப்பர் ஷீட்டின் புகை வாடை.
சட்டையில் ஏறினால்
மூன்று துவைப்புக்கும் போகாதது.
சிவகாசியில் ரப்பர் மரம் கிடையாது.

திற்பரப்பு சாலையில் அவர் வீடு.
பின்னால் புகைப்புரை.
யாரும் கேட்கும் முன்பே
ஸ்டெல்லாபாய் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.
உள்ளே கழிகளில் பழுப்பு ஷீட்டுகள்.
அவற்றுக்கு மேல், பரணில், பெட்டிகள்.
கீழே குழியில் சிரட்டையும் விறகும்
கண் மூடாமல் கனன்றுகொண்டிருந்தன.
ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து
அந்தக் குழிக்கு விறகு தள்ளியவள் அவள்தான்.
தினமும்.

"பின்ன எங்க சாரே வைக்க?
வீட்டு ஓடு ஒழுகுது.
கட்டிலுக்கடியில வைச்சா மேல பிள்ள கெடக்கு.
இந்த மழையில
காஞ்ச எடம் இது ஒண்ணுதான்."

உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று
எங்கள் தாளில் இருக்கிறது.
புரட்டாசி முதல் கார்த்திகைவரை இந்த ஊரில்
அது எங்கே இருக்கும் என்று இல்லை.

தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றினால் பொறி மேலே ஏறும்.
ஈர மணலைக் கைப்பிடி கைப்பிடியாக,
தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவது போல,
சுயம்பு போட்டான்.
பிறகு பெட்டிகள்.
நூற்று எண்பத்தாறு.
மழையில் தார்ப்பாய்க்கு அடியில்
கை மாற்றிக் கை மாற்றி.
டிரைவர் டென்னிசன்
செல்போனை மதில்மேல் வைத்துவிட்டு வந்தான்.
ஒருவரும் பேசவில்லை.
எத்தனையாவது என்று நினைவில்லை,
ஒரு பெட்டியின் அடிப்பக்கம் கருகியிருந்தது,
ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு.
ஞானசிகாமணியிடம் காட்டினேன்.
அவர் சகதியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

படிவம் நிரப்பினேன்.
உயிர்ச்சேதம்: இல்லை.
பொருட்சேதம்: இல்லை.
தீப்பிடித்த நேரம்: பேனாவை
அங்கேயே வெகுநேரம் வைத்திருந்தேன்.
மை பரவி ஒரு பொட்டு விழுந்தது.

மறுநாள் காலை நிலையத்துக்கு வந்தாள்.
ஒரு லட்சத்து நாற்பதாயிரம், மாதம் மூன்று வட்டி.
உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.
"எரிஞ்சிருந்தா சர்க்கார் பணம் தந்திருக்கும்லா?"
சேலையில் அந்தப் புகை.
நான் ஜன்னலைத் திறந்தேன்.
அதைத் தவிர
அந்த நேரத்துக்கு எனக்கு வேறு வேலை தோன்றவில்லை.

கடையைப் பிரித்துப்போட்ட இடம்
சந்தையில் பல் விழுந்த இடம் போலக் கிடந்தது.
வலப்பக்கக் கடைக்கும் இடப்பக்கக் கடைக்கும் நடுவே
ஒன்பது மீட்டர்.
மழை மட்டும் அங்கே நின்று விற்றுக்கொண்டிருந்தது.
என் டேப்புக்கு முதல்முறையாக வயிறு நிறைந்தது.
அடுத்த நாள், ஏழரை.
அதற்கடுத்த நாள்
நாலு மீட்டர் சொச்சம். நடுவில்
மத்தாப்பு விற்க ஒரு பெஞ்சு.
"சும்மா கெடந்த எடம்லா சாரே."

இன்று தீபாவளிக்கு முந்தின நாள்.
டேப்பைத் துடைத்து
சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன்.